கடைசிப் போத்தலில் இருந்தவை

எங்கள் வீட்டில் ஒரு கோப்பையை மூன்று தரம் கழுவுவேன். மூன்று தரமும் புதுத் தண்ணீர். மெல்பேர்ணில் தண்ணீர்க் கட்டுப்பாடு வந்து, தோட்டத்துக்கு வாளியால் அளந்து ஊற்றிய வருடங்களிலும் இந்த ஒரு விஷயத்தில் நான் இறங்கி வரவில்லை. "கோப்பைக்குள்ளை என்னத்தை எண்ணப் போறீர்?" என்று என் கணவர் கேலி செய்வார். அவருக்குக் காரணம் தெரியும். தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் போய் இரண்டு வருடமாகிறது. இனி நான் சொல்லாவிட்டால் சொல்ல யாரும் இல்லை.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மெல்பேர்ணின் புறநகரான டண்டினொங்கில் இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியும் உள்ள மாடி வீடு. ஊரில் எஞ்சினியராக இருந்த கணவர் இங்கே ஒரு தொழிற்சாலைக் களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு இலக்கம் ஒட்டிக்கொண்டிருந்தார். பிறகு அந்த வேலையும் போயிற்று. கொழும்பில் தாவரவியல் படித்த எனக்கு மட்டும் நகரத்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை அகப்பட்டது. என்ன வேலை என்று கேட்பவர்களிடம் "பாசி எண்ணுகிறேன்" என்பேன். "ஊரிலை கிணத்துப் பாசியை வழிச்சு எறிய ஆள் பிடிப்பம். இஞ்சை அதை எண்ணுறதுக்குச் சம்பளமோ?" என்று ஊர்க்கார அன்ரி ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் முதல் மாதம் அப்படித்தான் நினைத்தேன்.

தண்ணீர் அந்தாட்டிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. அங்கே கறுத்தப் பாறைகளுக்கு நடுவில் ஒரு நன்னீர் ஏரி. வருடத்தின் பெரும்பகுதி ஆள் உயரப் பனிக்கட்டி அதை மூடிக் கிடக்கும். பனியில் துளை போட்டு, இரண்டு பக்கமும் வாய் திறந்த ஒரு குழாயைக் கயிற்றில் கட்டி வேண்டிய ஆழத்துக்கு இறக்குவார்கள். பிறகு அதே கயிற்றின் வழியே ஒரு பித்தளைக் குண்டை நழுவ விடுவார்கள். குண்டு போய் மோதியதும் குழாயின் வாய் இரண்டும் மூடிக்கொள்ளும். அந்த ஆழத்துத் தண்ணீர் மட்டும் மேலே வரும். அதைப் போத்தலில் ஊற்றி, பாசி கெடாமலிருக்க அயடின் விடுவார்கள். அயடின் விட்ட தண்ணீர் பால் விடாத தேநீர் போல, பிளேன்ரீ நிறத்தில் இருக்கும்.

எனக்கு வருவது அந்தப் பிளேன்ரீதான். போத்தலை மெதுவாகத் தலைகீழாகப் புரட்டிக் கலக்கி, கொஞ்சத்தை ஒரு கண்ணாடி உருளைக்குள் விட்டு, அசையாமல் ஓர் இரவு வைப்பேன். பாசியெல்லாம் அடியில் படிந்துவிடும். காலையில் வந்து நுணுக்குக்காட்டியில் பார்த்து எண்ணுவேன். விரலால் அழுத்தினால் 'டிக்' என்று ஒன்று கூடும் சின்னக் கருவி ஒன்று கையில் இருக்கும். எண்ணியதைத் தாளில் எழுத வேண்டும். ஒவ்வொரு வகைப் பாசிக்கும் ஒரு நிரல். கடைசி நிரலின் தலைப்பு 'மற்றவை'. மண் துகள், கம்பளி நூல், இறகுப் பிசிறு, பாசியல்லாத எதைக் கண்டாலும் அங்கே எழுதியாக வேண்டும். தாளின் அடியில் என் கையெழுத்து.

போத்தல்களைக் கொண்டுவந்தவன் ஓர் ஆராய்ச்சி மாணவன். இருபத்தைந்து வயதிருக்கும். விக்டோரியாவின் வடக்கே ஒரு கோதுமைப் பண்ணையில் வளர்ந்தவன். தகப்பன் இல்லை. தாய் தனியே பண்ணையைப் பார்த்துக்கொண்டு, மகன் எப்போது படிப்பை முடித்து வீட்டுக்கு வருவான் என்று காத்திருந்தார். ஒரு முழு வருடத்தைப் பனியில் கழித்துவிட்டு வந்தவனுக்கு, அந்த வருடம் பேசாமல் விட்ட பேச்சையெல்லாம் என்னிடம் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. எனக்கோ எண்ணும்போது யாராவது வாய் திறந்தால் கணக்கு விட்டுப்போகும். முதல் வாரமே சொன்னேன்: "வாயை மூடிக்கொண்டு இருப்பதென்றால் இரு. இல்லாவிட்டால் வெளியே போ." அடுத்த நாள் ஒரு கோப்பை தேநீரை என் பக்கத்தில் வைத்துவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தான். சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

எண்ணாத நேரங்களில் அவன் எனக்கு ஏரியைச் சொல்லித் தந்தான். திறந்த ஏரியைக் காற்று கலக்கும். பனி மூடிய ஏரியைக் காற்றுத் தொட முடியாது. தண்ணீர் அசையாமல் தட்டுத் தட்டாகக் கிடக்கும். அசையாத தண்ணீரில் பாரமானது தாழும். சில பாசிகளுக்கு நூல் போல வால் உண்டு. அவை நீந்திப் போய்ப் பனிக்கு நேர் கீழே, வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வேறு சில பாசிகளுக்கு வால் இல்லை, கண்ணாடி போன்ற ஓடு மட்டும்தான். டயட்டம் என்பார்கள். நான் எனக்குள் கண்ணாடிப் பாசி என்று சொல்லிக்கொள்வேன். நீந்தத் தெரியாத அவை அடிச்சேற்றில் கிடக்கும். ஆகவே பனிக்குச் சற்றுக் கீழே எடுத்த தண்ணீரில் வால் பாசிதான் இருக்க வேண்டும். அங்கே கண்ணாடிப் பாசி இருந்தால், காற்றே இல்லாமல் ஏதோ ஒன்று ஏரியை அடியிலிருந்து கலக்குகிறது என்று அர்த்தம்.

இதெல்லாம் எனக்கு உடனே விளங்கியது. எங்கள் ஊர்க் கிணறும் தட்டுத் தட்டுத்தான். மேலே நன்னீர், கீழே உவர். அளவாக அள்ளினால் நன்னீர் வரும். ஆசைப்பட்டு இறைத்தால் உவர் ஏறிவிடும். இதைச் சொன்னபோது அவன் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான்.

அந்த ஆண்டு ஆவணி மாதத்தில், பனிக்குக் கீழே எடுத்த வசந்தகாலப் போத்தல் ஒன்றில் நான் கண்ணாடிப் பாசியைக் கண்டேன். ஒன்றிரண்டல்ல. டிக், டிக் என்று நாற்பதுக்கு மேலே போயிற்று. அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டேன் என்று நின்றான். பிறகு என்னைத் தூக்காத குறையாகத் துள்ளினான். வெயில்தான் கலக்குகிறது என்றான். பூச்சியத்தை ஒட்டிய குளிரில் தண்ணீரின் குணம் வேறு. கொஞ்சம் சூடேறினால் அது பாரமாகிக் கீழே இறங்கும், கீழே உள்ளது மேலே வரும். வசந்தத்தில் பனிக்கட்டியை ஊடுருவிப் போகும் வெயில் ஏரியை மெல்ல மெல்லக் கிளறுகிறது. கண்ணாடிப் பாசி அந்த ஓட்டத்தில் ஏறி வந்திருக்கிறது. இதை எவரும் அந்த ஏரியில் கண்டதில்லை என்றான்.

பேராசிரியர் புகை பிடிக்கும் சுங்கானைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கெட்ட மனிதரல்ல, ஆனால் லேசில் எதையும் நம்பாதவர். "ஒரு போத்தலை வைத்துக்கொண்டு ஒரு ஏரியைப் பற்றிப் பேசக் கூடாது" என்றார். இன்னொரு தரம் எண்ணச் சொன்னார். போத்தலில் மிஞ்சியிருந்த முழுவதையும் ஊற்றி மறுபடி எண்ணினேன். மறுபடியும் இருந்தது. அவர் அப்போதும் அசையவில்லை. "துளை போடும்போது நீயே கலக்கியிருப்பாய்" என்று அவனிடம் சொன்னார்.

அவன் முகம் சிவந்துபோயிற்று. அந்தக் கிழமையே, தாயின் கடிதங்களையும் மீறி, இன்னொரு வருடம் பனிக்குப் போக எழுதிக் கொடுத்துவிட்டான். ஒரு போத்தல் போதாதென்றால் பன்னிரண்டு கொண்டுவருவேன் என்றான். கிறிஸ்மஸ் கழிந்ததும் கப்பல்.

கார்த்திகையில் ஒரு வெக்கையான பின்னேரம். வேலை முடிந்து, உருளைகளைக் கழுவும் சட்டியைக் கொட்டப் போனேன். அதன் அடியில் மெல்லிய பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. சும்மா ஒரு துளியை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தேன்.

துளி முழுக்கக் கண்ணாடிப் பாசி.

இந்த இடத்தில் அந்தச் சட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு உருளையையும் காய்ச்சி வடித்த வடிதண்ணீரால் மூன்று தரம் கழுவ வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. மூன்று தரமும் புதிதாக ஊற்றிக் கொட்ட வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. எழுதத் தேவையில்லை, அது அங்கே எல்லாருக்கும் தெரியும். குழாயைத் திறந்தால் ஓடிக்கொண்டே இருக்கும் ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரியும். எனக்கு ஒரு விரல் அளவு உருளைக்காக மூன்று கோப்பை நல்ல தண்ணீரைத் தொட்டிக்குள் கொட்ட மனம் வரவில்லை. கலியாண வீட்டில் ஒரு பெரிய சட்டித் தண்ணீரில் எல்லாத் தம்ளரையும் அலசி எடுப்போமே, அப்படிக் காலையில் ஒரு சட்டி நிறைய வடிதண்ணீர் வைத்து, எல்லா உருளைகளையும் அதிலேயே மூன்று தரம் முக்கி எடுத்தேன். மாதக்கணக்காக. கணக்காகச் செலவழிக்கிறேன் என்று எனக்குப் பெருமை வேறு.

தாள்களை எடுத்துப் பார்த்தேன். அந்த வசந்தகாலப் போத்தலை எண்ணியதற்கு முதல் நாள் அதே உருளைகளில் நான் எண்ணியது ஏரியின் அடிச்சேறு. இரண்டாம் தரம் எண்ணியதற்கு முதல் நாளும் சேறுதான். சேற்றில் கிடந்த கண்ணாடிப் பாசி சட்டிக்கு வந்து, சட்டியிலிருந்து உருளைக்கு ஒட்டிக்கொண்டு வந்து, அவன் ஏரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. ஏரியைக் கலக்கியது வெயிலல்ல, நான்தான். அல்லது நானாக இருக்கலாம். போத்தலில் ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லாததால் இனி எப்படியும் அறிய முடியாது.

வீட்டுக்கு வந்து குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கணவர் முழுவதையும் கேட்டார்.

"சொல்லத்தான் வேணும்" என்றார்.

"ஓம். நாளைக்கே சொல்லப் போறன்."

அவர் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். பிறகு, "உம்மடை புரொபேஷன் எப்ப முடியுது?" என்று கேட்டார்.

"தை மாசம்."

"அப்ப தை மாசம் சொல்லும்."

"அவன் அதுக்கு முதல் கப்பல் ஏறிவிடுவானப்பா."

"போனால் என்ன? ஒரு வருசத்திலை திரும்பி வாறவன்தானே. எனக்கும் வேலையில்லை. உம்மையும் நிப்பாட்டினால் என்ன செய்யிறது? யோசிச்சுப் பாரும்."

யோசித்தேன். அவர் மேல் பழியைப் போட மாட்டேன். சொல்லாதே என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. தை மாதம் சொல்லு என்றுதான் சொன்னார். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் கம்பளியில் மறைத்தேன். டண்டினொங் சந்தையில் கிளிப்பச்சை நிறத்தில் ஒரு கம்பளி உருண்டை கிடந்தது. யாரும் வாங்காத நிறம். பனியில் தூரத்திலிருந்தே தெரியும் என்று வாங்கினேன். வெயில் கொளுத்தும் ஊரில் எங்களுக்குக் கம்பளி பின்னப் பழக்கிய கன்னியாஸ்திரிகளை எத்தனையோ தரம் திட்டியிருக்கிறேன். அந்த மார்கழியில் அவர்கள் பழக்கியது உதவியது. ரயிலில் போகும்போதும் வரும்போதும் பின்னி, அவனுக்குக் காதை மூடும் ஒரு தொப்பி செய்தேன். உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். தொப்பிக்குப் பத்து நாள் எடுத்தது.

கப்பலடிக்கு நானும் போனேன். அந்த நாளில் கப்பல் புறப்படும்போது கரையில் நிற்பவர்களும் மேல்தட்டில் நிற்பவர்களும் ஒரே காகித நாடாவை ஆளுக்கொரு நுனியில் பிடித்துக்கொள்வார்கள். கப்பல் விலக விலக நாடா இழுபட்டு அறுந்துபோகும். அவனுடைய தாய் ஒரு நாடாவைப் பிடித்திருந்தார். மெலிந்த, உயரமான மனுஷி. என் கையிலும் ஒன்றைத் திணித்தான். அந்த வெயிலில் தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்றான். பக்கத்தில் நின்றவர்கள் கிளி போல இருக்கிறாய் என்று சிரித்தார்கள். கப்பல் அசைந்ததும் மேலிருந்து கத்தினான்: "நீ எண்ணியது சரியென்று காட்டிவிட்டு வருவேன்!"

நானும் அப்போது உண்மையைக் கத்திச் சொல்லியிருக்கலாம். அவ்வளவு சத்தத்தில் காதில் விழுந்திருக்காது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அவன் கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் வாயில் வந்தது "போயிட்டு வா" மட்டும்தான். நாடா அறுந்தது.

தை மாதம் வேலை நிரந்தரமாயிற்று. நான் சொல்லவில்லை. அங்கே தந்தி அனுப்பலாம், ஒவ்வொரு கிழமையும் பேராசிரியர் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். நானும் ஒன்று எழுதினேன். கிழித்தேன். எத்தனை என்று எண்ணவில்லை, எண்ணுவது என் தொழிலாக இருந்தும். இவ்வளவு தூரம் போனவனிடம் வந்த வேலை வீண் என்று தந்தியிலா சொல்வது, வந்ததும் நேரில் சொல்கிறேன் என்று வைத்துக்கொண்டேன். சட்டியை எறிந்துவிட்டேன். ஒவ்வொரு உருளையையும் மூன்று தரம் புதுத் தண்ணீரில் கழுவினேன். அதற்குப் பிறகு, எண்ண மிச்சமிருந்த மேல்தட்டுப் போத்தல் எதிலும் கண்ணாடிப் பாசி வரவில்லை. ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு நாளும் வராதா என்று பார்த்தேன். சோறு வடிக்கும் கஞ்சியில் பார்த்தேன். குளிக்கும்போது கண்ணை மூடினால் தெரிந்தது. விடியற்காலையில் குழாய் சொட்டும் சத்தம் டிக், டிக் என்று கேட்கும். எழுந்துபோய் இறுக்கிவிட்டு வருவேன்.

அடுத்த கார்த்திகையில் ஒருநாள் பேராசிரியர் வாசலில் வந்து நின்றார். சுங்கான் கையில் இருந்தது, பற்றவைத்திருக்கவில்லை. அங்கே கார்த்திகை வசந்தகாலம். அப்போது அந்த ஏரியின் கரையோரப் பனி, கறுத்தப் பாறை வெயிலில் சுடுவதால், முதலில் பலமிழக்கும். அவனுக்கு அது தெரியும். ஆனால் வெயில் நன்றாக விழும் இடத்தில்தான் கலக்கல் பலமாக இருக்கும் என்று கரையோரமாகவே துளை போட்டிருக்கிறான். துளையைச் சுற்றியிருந்த பனி உடைந்து அவன் உள்ளே போய்விட்டான். தண்ணீர் அவன் உயரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட.

பேராசிரியர் வேறு என்னவோ சொன்னார். நான் உருளைகளைக் கழுவத் தொடங்கினேன். கழுவியவற்றையே மறுபடியும் கழுவினேன்.

மாசியில் கப்பல் வந்தது. அவன் சொன்னபடியே பன்னிரண்டு போத்தல்கள். பதினொன்றின் சீட்டில் அவனுடைய சாய்ந்த கையெழுத்து. பன்னிரண்டாவதின் சீட்டில் ஏரியும் ஆழமும் அவன் முன்கூட்டியே எழுதி வைத்தது. திகதியை வேறு யாரோ பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

எழுதியவர் அந்த நிலையத்து மெக்கானிக். அன்று அவனோடு ஏரிக்குப் போயிருந்தவர். போத்தல் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். எண்ணெய்க் கறை போகாத பெரிய கைகள். நான் கேட்காமலே சொன்னார். அவர் கரையில் கொட்டிலுக்குள் தேநீர் வைத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து பார்த்தபோது பச்சைத் தொப்பியைக் காணவில்லை. ஓடிப்போய் அவனைத் தூக்கிய பிறகு பார்த்தால், முளையில் கட்டிய கயிறு இன்னும் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. "அதை அப்படியே விட்டுவர எனக்கு மனமில்லை. இழுத்து, அவன் செய்வது போலப் போத்தலில் ஊற்றி, அயடின் விட்டேன். அவன் அதற்காகத்தானே போனான்."

"நீங்கள் இழுக்கும்போது குண்டு போய் மோதியிருந்ததா? குழாயின் வாய் மூடியிருந்ததா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். "தெரியாது. அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் நான் தண்ணீருக்குள் இறங்கினேன். அப்போது குண்டு விழுந்ததோ, முதலே விழுந்திருந்ததோ, அதை யார் பார்த்தார்கள்?"

அவன் விழுமுன் குழாய் மூடியிருந்தால் அது ஏரியின் தண்ணீர். விழுந்த பிறகு மூடியிருந்தால் அது அவன் கலக்கிய தண்ணீர். மெக்கானிக்குக்கு இது விளங்கவில்லை. நான் விளக்கவும் இல்லை.

புது உருளைகள் வாங்கி, நாளுக்கு ஒன்றாக எண்ணினேன். ஒன்று முதல் பதினொன்று வரை வால் பாசி, வால் பாசி, வால் பாசி. கண்ணாடிப் பாசி ஒன்றும் இல்லை. கையுறைகளிலிருந்து உதிர்ந்த வெள்ளை, சாம்பல் நிறக் கம்பளி நூல்கள் இருந்தன. மற்றவை என்ற நிரலில் அவற்றை எழுதினேன். ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து வைக்கும்போது அவன் வயிற்றில் அடிப்பது போலிருந்தது. அவன் ஒரு வருடம் பனியில் இருந்து கொண்டுவந்தது நான் சட்டியில் செய்த பிழையின் நிரூபணம்.

பன்னிரண்டாவதைக் கடைசி நாள் வைத்தேன். காலையில் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தேன். கண்ணாடிப் பாசி. நீளச் சங்கிலிகளாக, உடையாமல், பார்க்கும் இடமெல்லாம். வாய்விட்டு "டேய்!" என்றேன். அவன் சரி. வெயில் கலக்கியிருக்கிறது. அந்த ஒரு நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷம் போல அதன் முன்னும் பின்னும் வந்ததில்லை.

பிறகு நுணுக்குக்காட்டியின் தட்டை மெல்ல நகர்த்தினேன். கண்ணாடிப் பாசிகளுக்கிடையில் மண் துகள்கள். பருமனான, கூரான மணல். வெயில் கிளறும் ஓட்டம் மெல்லியது. பாசியைத் தூக்கும், மணலைத் தூக்காது. மணல் அடியிலிருந்து எழும்ப வேண்டுமானால் யாராவது கால் ஊன்றி உதைக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். ஒரு கம்பளி நூல் குறுக்கே கிடந்தது. அயடின் எல்லாவற்றையும் தேநீர் நிறமாக்கிவிடும். ஆனால் அந்த நூலின் பச்சையை அதனால் முழுதும் மாற்ற முடியவில்லை. அந்தப் பச்சையை நான் எங்கே கண்டாலும் அறிவேன்.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. பிறகு கருவியை எடுத்து எண்ணத் தொடங்கினேன். டிக், டிக். கண்ணாடிப் பாசியின் எண்ணைத் தாளில் எழுதினேன். மற்றவை என்ற நிரலில் ஒன்றும் எழுதவில்லை. கையெழுத்து வைத்தேன்.

பேராசிரியர் தாளைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பையன் சொன்னது சரி. நான் அவனை நம்பவில்லை" என்றார். அந்த மனிதர் அழுவார் என்று நான் நினைத்ததில்லை. கரையோரத்தில், வெயில் விழும் இடத்தில் மட்டும் கலக்கல் நடக்கிறது, அதனால்தான் மற்றப் பதினொன்றிலும் இல்லை என்று அவரே காரணமும் கண்டுபிடித்தார். அவன் பெயரில் ஒரு சிறு கட்டுரை வெளிவந்தது. தாய்க்கும் அவர் கடிதம் எழுதினார்.

வைகாசியில் அந்தத் தாய் ஆய்வுகூடத்துக்கு வந்தார். கைப்பையிலிருந்து தொப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். அவனுடைய சாமான்களோடு வந்ததாம். தோய்த்து, மடித்து வைத்திருந்தார். "நீ பின்னியது என்று எழுதியிருந்தான். ஓரத்தில் ஓர் இடத்தில் நூல் அறுந்திருக்கிறது. பிரிந்துகொண்டே போகிறது. எனக்குப் பின்னல் வராது. தைத்துத் தருவாயா?"

அறுந்த துண்டு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர் நின்ற இடத்திலிருந்து மூன்று அடி தூரத்தில், அலுமாரியில், அந்த உருளைக்குள். வீட்டில் மிச்சக் கம்பளி இருக்கிறது, நாளைக்குத் தருகிறேன் என்றேன். அடுத்த நாள் வந்து வாங்கும்போது கேட்டார்:

"எனக்கு இந்தப் பாசி, ஏரி ஒன்றும் விளங்காது. ஒன்றை மட்டும் சொல். என் மகன் சொன்னது சரிதானா?"

"ஓம்" என்றேன். தமிழில்தான் வந்தது. அவர் விளங்காமல் பார்த்தார். பிறகு அவருடைய மொழியில் சொன்னேன்.

"அப்படியென்றால் வீணாகவில்லை" என்றார். தொப்பியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலுக்குப் போனார். அவரை நான் பிறகு காணவில்லை.

பல வருடங்கள் கழித்துப் படித்தேன். உலகின் வடகோடியில் உள்ள பனி ஏரிகளில், வசந்தத்தில் வெயில் உண்மையாகவே பனியை ஊடுருவித் தண்ணீரைக் கலக்குகிறதாம். கண்ணாடிப் பாசியை அந்த ஓட்டம் தூக்கி வைத்திருக்கிறதாம். அவன் நினைத்தது நடக்கக்கூடியதுதான். படித்ததும் கணவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "பாரும், அவன் சொன்னது சரிதானே. இனியெண்டாலும் நிம்மதியா இரும்" என்றார். எனக்கு நிம்மதி வரவில்லை. அவன் சரியோ பிழையோ, அவனை அங்கே அனுப்பியது என் சட்டித் தண்ணீர். அவன் கடைசியாகக் காட்டிவிட்டுப் போனதை மறைத்ததும் நான்தான். ஒரு தாய் நிம்மதியாக வீட்டுக்குப் போனாரே என்று நியாயம் சொல்லிப் பார்த்தேன். அந்த நியாயம் பகலில் நிற்கும்.

கதிரை, மேசை, நுணுக்குக்காட்டி எல்லாம் போய்விட்டன. அந்தத் தாள் எங்காவது ஒரு பெட்டியில் இருக்கும், கடைசி நிரல் வெறுமையாக, அடியில் என் கையெழுத்தோடு. அன்று எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

மற்றவை: மணல், நிறைய. கிளிப்பச்சைக் கம்பளி நூல், ஒன்று.